ரோபோ கிட்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்கிராட்ச் என்ற சிறுவர்களுக்கான புரோகிராமிங் தளத்தில் சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்வாள். இப்போது ரோபோ செய்யணும் என்கிறாள். ‘நூறு புராஜெக்ட் செய்யலாம்’ என்று விளம்பரம் வருகிற பெரிய கிட்டை வாங்கித் தரலாமா? வீட்டில் யாருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது.

பதில்: பெரிய கிட் இப்போது வேண்டாம். அதில் பாதிப் பொருள்களைத் தொடவே மாட்டாள் என்பது என் எண்ணம். அவளுக்கு மைக்ரோபிட் என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டுதான் பொருத்தம். 2016-ல் பிரிட்டனில் இவள் வயதுப் பிள்ளைகளுக்கு பிபிசி இலவசமாகக் கொடுத்த போர்டு அது.

ஆனால் அதையும் உடனே வாங்கிவிடாதீர்கள். மைக்ரோபிட்டுக்குப் புரோகிராம் செய்யும் மேக்கோட் தளம் பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது. ஸ்கிராட்ச் போலவே பிளாக்குகளை இழுத்து ஒட்டுவதுதான் வேலை. ‘குலுக்கினால்’ என்ற பிளாக்குக்குள் ‘எண்ணைக் காட்டு’ பிளாக்கைப் போட்டு, அதில் 1 முதல் 6 வரை ஏதோ ஓர் எண்ணை எடுக்கச் சொல்லட்டும். திரையின் இடப்பக்கம் தெரியும் போர்டைக் குலுக்கினால் பகடை உருளும். இதில் அவளுக்கு ஆர்வம் நிலைத்தால் நிஜப் போர்டை வாங்குங்கள்.

25 எல்இடி, இரண்டு பட்டன், அசைவை அறியும் சென்சார் எல்லாம் போர்டிலேயே இருப்பதால், தொடக்கத்தில் வயரே தேவையில்லை. 2020-ல் வந்த இரண்டாம் பதிப்பில் மைக், ஸ்பீக்கரும் உண்டு. பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டிவிடாமல் இருக்க, முன்பக்க லோகோ தங்க நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளும் முக்கியம். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற யுஎஸ்பி கேபிளைச் செருகினால் விளக்கு எரியும், கம்ப்யூட்டரில் போர்டு தெரியாது. போர்டு கெட்டுப்போனதாகப் பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

சக்கரம் அப்புறம். போர்டின் ‘பின்’ எனப்படும் இணைப்பு முனைகளிலிருந்து வருகிற மின்னோட்டம் மோட்டாரை ஓட்டப் போதாது. நேராக இணைத்தால் போர்டே பழுதாகலாம். மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்கும் மோட்டார் டிரைவர் சர்க்யூட்டோடு சேர்ந்து, மைக்ரோபிட்டைச் செருகும் இடம் உள்ள வண்டியாக வாங்குங்கள். சதுரமான 9 வோல்ட் பேட்டரி மோட்டாருக்குத் தாங்காது, டபுள் ஏ செல் போடுகிற வண்டியே நல்லது.

கேள்வி: அர்டுயினோ என்ற போர்டு இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: கிடைக்கிறது. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது என்பதால், வேறு கம்பெனிகள் செய்யும் போர்டுகளையும் தாராளமாக வாங்கலாம். பல போர்டுகளுக்கு சிஎச்340 டிரைவர் என்ற மென்பொருளை மட்டும் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். எம்பிளாக் மென்பொருளில் பிளாக்குகள் வைத்தே இயக்கலாம். சிக்கல் வேறு இடத்தில். வெறும் அர்டுயினோ ஊனோவில் நீங்கள் எரியவிட ஒரே ஒரு எல்இடிதான் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, ஜம்பர் வயர், மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் வேண்டும். எல்இடியின் நீளக் கால் பிளஸ், கூடவே 220 ஓம் ரெசிஸ்டர் என்று பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஒருவர் இருந்தால் நன்றாகவே போகும். உங்கள் வீட்டுக்கு அது இரண்டாவது படி.

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: தயாரித்த கம்பெனியின் ஆப் இல்லாமல் போர்டு வேலை செய்யுமா, உடைந்த பாகம் தனியாகக் கிடைக்குமா. பில் கட்டாயம் வாங்குங்கள். குறையுள்ள பொருளை மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.