மகள் கேட்கும் படிப்பு: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஓவியங்களைப் போல மனித உடலை ஒளிப்படமாக எடுக்கும் கலையைப் படிக்க வேண்டும் என்று உங்கள் மகள் கேட்கிறாள். "பெண் உடலைப் படம் எடுப்பதெல்லாம் ஒரு படிப்பா, நாலு பேர் கேட்டால் நான் என்ன சொல்வது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் முடியாது என்று மகளிடம் சொல்வதற்கு முன்னால், அவள் எதைக் கற்க ஆசைப்படுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

மனித உடலைப் பார்த்து வரைவது ஓவியப் படிப்பின் அடித்தளம். 1854இல் பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா, நண்பர் ஒருவரின் கேமராவில் மாடல்களை, அதாவது கலைஞருக்காக நின்று காட்டுபவர்களை, படம் எடுக்கச் செய்து, அந்தப் படங்களைப் பார்த்து வரைந்து பழகியிருக்கிறார். உங்கள் மகள் அதே பாதையில் மறுபக்கமிருந்து வருகிறாள், ஓவியத்தைப் பார்த்து ஒளிப்படத்துக்கு.

கற்க வேண்டியதில் முக்கால்வாசி ஒளிதான். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் வரைந்த முகங்களில் நிழல் விழும் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் இருக்கும். பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலே ஒரே ஒரு விளக்கை வைத்து அதை ஸ்டுடியோவில் கொண்டுவந்துவிடலாம். ஒரு சின்ன விளக்கை ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், அதனால் விளக்கு ஆளுக்கு நெருக்கமாகவும் சுவர் தள்ளியும் இருந்தால் பழைய ஓவியங்களில் வரும் அந்தக் கரும் பின்னணி தானாகவே கிடைக்கும். இதைப் பழக மாடலே வேண்டாம். ஜன்னலோரம் ஒரு மேஜை, கசங்கிய வெள்ளைத் துணி, ஒரு மண்பானை போதும்.

நான் கண்டிப்பாக இருப்பது மாடலை நடத்தும் விஷயத்தில்தான். மாடலுக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், அதை அடையாள அட்டையில் பார்த்துவிட வேண்டும். படம் எங்கெல்லாம் வெளிவரும் என்று எழுதி முன்கூட்டியே கையெழுத்து வாங்க வேண்டும். கை எங்கே, தோள் எப்படி என்பதை வாயால் சொல்ல வேண்டும், தொட்டுத் திருத்தக் கூடாது. இடைவேளையில் போர்த்திக்கொள்ள அங்கி, குளிராத அறை, கூட இருக்க ஒரு துணை. நடுவில் "போதும்" என்று அவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்புறம் இன்னொன்று, கற்றுத்தருகிறேன், பதிலுக்கு நீயே மாடலாக நில் என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால், அவள் அந்த இடத்தைவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். இதை நீங்களே அவளிடம் பேசுங்கள்.

சரி, வருமானம்? அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் மான் ரே 1924இல் எடுத்த, ஒரு பெண்ணின் வெற்று முதுகை வயலின் போலக் காட்டும் 'இங்க்ரேயின் வயலின்' படம் 2022இல் 1.24 கோடி டாலருக்கு ஏலம் போனது உண்மை. ஆனால் அவர் 1976இலேயே இறந்துவிட்டார், அந்தப் பணம் அவர் கைக்கு வரவில்லை. அந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆரம்ப வருடங்களில் சோறு போடுவது உருவப்படம், விளம்பரப் பொருள்களின் படம், மூத்த கலைஞரிடம் உதவியாளர் வேலை. ஆகவே ஓவியமும் கலை வரலாறும் சேர்ந்த நுண்கலைப் பட்டப்படிப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். விலை உயர்ந்த கேமராவை இப்போது வாங்கித் தராதீர்கள்.

அந்தத் துணியையும் பானையையும் பத்து நாள், தினமும் ஒரே நேரத்தில், அவள் படம் எடுக்கட்டும். பத்துப் படங்களோடு இருவரும் வாருங்கள், அதை வைத்துக் கல்லூரி பற்றிப் பேசலாம்.