காலைத் தலைவலிக்குக் காரணம் குளிரன்று, கரித்தணல்

கேள்வி: உதகைக்கு அருகில், பள்ளத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் வசிக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி கடுமையாக இருப்பதால், இரவில் இரும்புச் சட்டியில் கரித்தணலைப் போட்டுப் படுக்கையறையில் வைத்து, கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்குகிறோம். புகை முழுவதும் அடங்கிய பிறகே தணலை உள்ளே கொண்டுவருகிறோம். ஆனாலும் சில நாட்களாகக் காலையில் எனக்கும் மனைவிக்கும் தலைவலியும் குமட்டலும் இருக்கின்றன. 74 வயதான, நீரிழிவு நோயுள்ள என் தந்தைக்குத் தலை சுற்றுகிறது. வெளியே வேலைக்குச் சென்றதும் எங்களுக்குச் சரியாகிவிடுகிறது. இது குளிரால் வருவதா? ஆறு மாதக் குழந்தையும் உள்ள வீட்டை எப்படிக் கதகதப்பாக வைத்துக்கொள்வது?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இன்று இரவு அந்தக் கரிச்சட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரே அறையில் உறங்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் தலைசுற்றலும் வருவதும், வெளிக்காற்றுக்குச் சென்றதும் அவை தணிவதும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவின் அடையாளங்கள். குளிர் இவ்வாறு செய்வதில்லை.

புகை அடங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று மலைப்பகுதி மக்கள் பலரும் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. போதிய காற்றின்றிக் கனன்றுகொண்டிருக்கும் தணலிலிருந்துதான் இந்த வாயு மிகுதியாக வெளியேறுகிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது, கண்ணைக் கரிக்கவும் செய்யாது. புகையாவது இருமலை வரவழைத்து நம்மை எழுப்பிவிடும். கார்பன் மோனாக்சைடோ, ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு இணைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் செல்ல வேண்டிய ஆக்சிஜனைத் தடுத்துவிடுவதால், உறக்கத்தில் இருப்பவர் விழிக்காமலேயே மயக்கத்துக்குச் சென்றுவிடுகிறார். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது, இரத்தத்தில் சேர்ந்த இந்த வாயு பாதியாகக் குறைவதற்கே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். நீங்கள் காலையில் அவதிப்பட்டுப் பகலில் தேறுவதன் காரணம் இதுதான். சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம், அதுவும் பாதுகாப்பன்று.

குழந்தையைப் பற்றி நீங்கள் எந்த அறிகுறியும் எழுதவில்லை. எனக்கு மிகுந்த கவலை அதில்தான். பச்சிளங்குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால், அதன் உடலில் இந்த வாயு விரைவாகச் சேரும். தலை வலிக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது; சிணுங்கும், பால் குடிக்க மறுக்கும், வழக்கத்துக்கு மாறாக அசந்து தூங்கும். ஆகவே குடும்பத்தினர் அனைவரும் காலதாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று, கரித்தணல் வைத்து உறங்கியதை மறைக்காமல் கூறுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கார்பன் மோனாக்சைடு இணைந்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் இணைந்தது போலவே கணக்கிட்டு இயல்பான அளவைக் காட்டிவிடும் என்பதால், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இதற்கெனத் தனி இரத்தப் பரிசோதனை உண்டு. யாரேனும் எழுப்பியும் எழாத நிலையில் இருந்தால், கதவுகளைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, உடனே 108 ஐ அழையுங்கள்.

இனி கதகதப்பைப் பற்றி. முதியோரும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் அறை வெப்பம் 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. உறைபனி விழும் இரவில், ஓட்டு இடுக்குகள் வழியே வெப்பம் வெளியேறும் வீட்டில், அது எளிதன்று என்பதை அறிவேன். அதனால் அறை முழுவதையும் சூடாக்கப் போராடுவதைவிட, படுக்கையையும் உடலையும் சூடாக வைத்துக்கொள்வதே உங்களுக்குக் கைகூடும் வழி. பகலில் வெயில் விழும் பக்கத்துச் சன்னல்களைத் திறந்து வைத்து, மலை நிழல் வீட்டின் மீது விழுவதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். தரையில் படுக்காமல் கட்டிலைப் பயன்படுத்துங்கள். கீழிருந்து ஏறும் குளிரை மேலே போர்த்தும் போர்வை தடுக்காது. எனவே ஒரு கம்பளியை மெத்தையின் மேல் விரித்துப் படுங்கள். தடித்த ஒரே ஆடையைவிட, உள்ளே பருத்தியும் மேலே கம்பளியுமாக அணியும் இரண்டு மூன்று மெல்லிய ஆடைகள் நடுவே காற்றைத் தேக்கி வெப்பத்தைக் காக்கும்.

வசதி இருந்தால், எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் வாங்கலாம். சிவந்து எரியும் கம்பிகள் வெளியே தெரியும் ஹீட்டரைவிட இது தீ விபத்துக்குக் குறைவாகவே இடமளிக்கும். படுக்கையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் இணைக்காமல், சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கிலேயே நேரடியாக இணையுங்கள். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓடவிட்டு, படுக்கும்போது அணைத்துவிடலாம்.

உங்கள் தந்தையின் நிலை வேறு. வயது ஏற ஏற நடுக்கமும் குளிர் உணர்வும் மங்கிவிடுவதால், உடல் குளிர்ந்துகொண்டே போனாலும் அவர் குளிர்கிறது என்று சொல்லாமல் இருக்கக்கூடும். நீண்ட நாள் நீரிழிவினால் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருந்தால், வெந்நீர்ப் பை பட்டுத் தோல் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது. அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாக மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொதிக்காத வெந்நீரை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பிய பையைத் துணியில் சுற்றி, அரை மணி நேரம் படுக்கையில் வைத்து, அவர் படுப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். இறுக்காத கம்பளிக் காலுறையும் குல்லாவும் அணிவியுங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயரும்; சிறுநீர் கழிக்க இரவில் எழும்போது, சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓரிரு நிமிடம் கட்டிலில் அமர்ந்த பிறகே நடக்கச் சொல்லுங்கள். குளிருக்கு இதமென்று மது அருந்துவது தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி, உடலின் உள்வெப்பத்தை வெளியேற்றிவிடும். கருப்பட்டி சேர்க்காத சுக்குக் காபி அவருக்கு ஏற்றது.

குழந்தைக்கு நீங்கள் அணிவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக அணிவித்தால் போதும். குழந்தையின் கை கால்கள் சில்லென்று இருப்பது இயல்பே. பிடரியையும் மார்பையும் தொட்டுப் பார்த்து வெப்பத்தை அறியுங்கள். போர்வை முகத்தை மூடிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர்ப் பையைக் குழந்தையின் அருகில் வைக்கவே வேண்டாம்.

கரியை நிறுத்திய பின் உங்கள் தலைவலி சில நாட்களில் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். தந்தைக்கு மட்டும் தலைசுற்றல் நீடித்தால், அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்துவிட்டு, குறித்த அளவுகளையும் அவருடைய மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரது மருத்துவரைச் சந்தியுங்கள்.