ஐஇஎல்டிஎஸ் கட்டுரை: 6இல் நிற்கும் மதிப்பெண்ணை 6.5க்கு உயர்த்துவது எப்படி?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பிரிட்டனில் வேலைக்குப் போவதற்காக ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இரண்டு முறை எழுதினேன். கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 வந்துவிட்டது. எழுத்தில் மட்டும் இரண்டு முறையும் 6தான். கட்டுரைக்காக நிறைய கருத்துகளையும் கடினமான சொற்களையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். 300 சொற்களுக்கு மேல் எழுதியும் மதிப்பெண் நகரவில்லை. மறுமதிப்பீடு கேட்கலாமா? வேறு என்ன செய்வது?

பதில்: உங்களுக்குத் தேவைப்படுவது அரை பேண்ட், அதாவது இந்தத் தேர்வின் 9 வரையிலான மதிப்பெண் அளவில் அரைப் புள்ளி. பிரிட்டனின் செவிலியர் பதிவு அமைப்பான என்எம்சி 2018 டிசம்பரில் எழுத்துக்கான தேவையை 7இலிருந்து 6.5ஆகக் குறைத்தது. மற்ற மூன்றிலும் 7 வாங்கியிருக்கும் உங்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டுரைக்கு நீங்கள் தயாராகும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

எழுத்துத் தேர்வு மொத்தம் ஒரு மணி நேரம். முதல் பகுதியில் வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாம் பகுதிதான் வாதக் கட்டுரை. குறைந்தது 250 சொற்கள். முதல் பகுதியைவிட இதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கருத்துக் கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்ற நான்கையும் பார்த்து, நான்குக்கும் சம பங்கு கொடுத்து மதிப்பிடுகிறார்கள். எந்த பேண்டுக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற விவரிப்பைத் தேர்வு அமைப்பே வெளிப்படையாக வெளியிட்டிருக்கிறது. பயிற்சி மையங்களின் குறிப்பேடுகளைப் புரட்டும் நேரத்தில் கால்வாசியை அதை வாசிக்கச் செலவிட்டிருந்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்திருக்கும்.

அதில் பேண்ட் 6க்கு எழுதியிருப்பதன் சாரம் இது: கருத்துகள் பொருத்தமானவை, ஆனால் அவற்றில் சில போதிய அளவு விரித்துச் சொல்லப்படவில்லை. பேண்ட் 7க்கு: எழுதுபவரின் நிலைப்பாடு தெளிவாக வளர்த்தெடுக்கப்பட்டிருக்கிறது, முக்கியக் கருத்துகள் விரிவும் ஆதரவும் பெற்றிருக்கின்றன. எத்தனை கருத்துகள் என்று எந்த இடத்திலும் கேட்கவில்லை. கருத்துகளைக் கூட்டிக்கொண்டே போனால், இருக்கிற 250, 300 சொற்களில் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் சுருங்கும். எதுவும் விரியாது. 6இலேயே நிற்பது இதனால்தான்.

ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ‘நகரங்களில் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க, பேருந்துப் பயணத்தை எல்லோருக்கும் இலவசமாக்குவதே சிறந்த வழி என்று சிலர் கருதுகிறார்கள். நீங்கள் எந்த அளவுக்கு இதை ஏற்கிறீர்கள்?’

பெரும்பாலானவர்கள் எழுதும் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘இலவசப் பேருந்து மக்களுக்கு மிகவும் நல்லது. முதலாவதாக, பணம் மிச்சமாகும். மேலும், காற்று மாசு குறையும். அதுமட்டுமின்றி, ஏழைகள் பயனடைவார்கள். கூடுதலாக, பெட்ரோல் தேவை குறையும். இறுதியாக, விபத்துகளும் குறையும்.’ ஆறு வாக்கியங்கள், ஐந்து கருத்துகள். எல்லாம் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. ஆனால் கேள்வி நெரிசலைப் பற்றியது. நெரிசல் என்ற பேச்சே இந்தப் பத்தியில் வரவில்லை. ‘சிறந்த வழி’ என்று கேட்டிருக்கிறார்கள். வேறு எந்த வழியோடும் இதை ஒப்பிடவில்லை. எழுதியவருக்கு ஆங்கிலம் எவ்வளவு நன்றாக வந்தாலும், கேள்விக்கான பதில் என்ற முதல் அளவுகோலிலேயே அடிபட்டுவிடும்.

இப்போது ஒரே ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டு, ‘ஏன்?’, ‘அதனால் என்ன ஆகும்?’ என்று விடாமல் கேட்டுப் பாருங்கள். ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர் பேருந்தில் ஏறாததற்கு டிக்கெட் விலையா காரணம்? பெரும்பாலும் இல்லை. பேருந்து எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. வந்தாலும், இறங்கும் நிறுத்தத்திலிருந்து அலுவலகம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். டிக்கெட்டை இலவசமாக்குவதால் இந்த இரண்டு சிக்கல்களும் தீரப்போவதில்லை. ஆகவே அவர் ஸ்கூட்டரிலேயே போவார். சாலையில் வண்டிகள் குறையாது. அதே பணத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட்டால் அவர் மாற வாய்ப்பு உண்டு. எனவே நெரிசலைக் குறைப்பதுதான் நோக்கமென்றால், கட்டணத்தை நீக்குவதைவிடச் சேவையைக் கூட்டுவதே மேல்.

இதில் இருப்பது ஒரு கருத்துதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் தோளில் ஏறி நிற்கிறது. நெரிசலை விட்டு எங்கும் விலகவில்லை. ‘சிறந்த’ என்ற சொல்லுக்கும் ஒப்பீட்டோடு பதில் கிடைத்துவிட்டது. இப்படி இரண்டு பத்திகள் எழுதினால் கட்டுரையின் உடல் முடிந்துவிடும்.

உங்கள் தொழிலிலேயே இதற்குப் பயிற்சி இருக்கிறது. நோயாளியின் குறிப்பேட்டில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த ஷிப்டிடம் ஒப்படைக்கமாட்டீர்கள். எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரி, என்ன மருந்து, பிறகு இறங்கியதா என்று எழுதுவீர்கள். கட்டுரையின் ஒரு கருத்தையும் அப்படித்தான் பின்தொடர வேண்டும்.

இரண்டாம் பத்திக்கு எடுத்துக்காட்டு தேடி எங்கும் அலைய வேண்டாம். உங்கள் அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ எடுத்துக்காட்டுகள் தரும்படி கேள்வித்தாளிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நீங்களே அதில் போய் வந்திருப்பீர்கள். அதன் பலன் யாருக்கு என்று யோசியுங்கள். ஏற்கெனவே பேருந்தை நம்பியிருந்த பெண்களின் கையில் மாதாமாதம் பணம் மிஞ்சுகிறது. அது பெரிய நன்மை. ஆனால் அவர்களில் பலர் முன்பும் பேருந்தில்தான் போனார்கள். அவர்களால் சாலையில் வண்டி குறைய வழியில்லை. ‘இலவசப் பயணத்துக்கு வலுவான நியாயம் உண்டு, அந்த நியாயம் நெரிசல் அல்ல’ என்று இதிலிருந்து ஒரு பத்தி கிடைத்துவிடும். எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்துவிட்டு உங்கள் நிலைப்பாட்டுக்குத் திரும்புகிற இந்த நடை மிக வலுவானது. லக்சம்பர்க் 2020 பிப்ரவரி இறுதியில் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது தெரிந்திருந்தால் அதையும் சேர்க்கலாம். தெரியாவிட்டால் மதிப்பெண் குறையாது. ‘ஒரு பல்கலைக்கழக ஆய்வின்படி 80 சதவீதம் பேர்’ என்று கற்பனையாக எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்பது உண்மைதான். அதனால் எந்த வாதமும் வலுப்பெறுவதில்லை என்பதும் உண்மை.

தேர்வாளருக்குப் பிடித்த கருத்து எது என்ற கவலை பலருக்கு இருக்கிறது. ஏற்கலாம், மறுக்கலாம், ஓரளவு ஏற்கலாம். மூன்றுக்கும் ஒரே மதிப்புதான். ஆனால் முன்னுரையில் ஏற்றுவிட்டு முடிவுரையில் ‘இரண்டு பக்கமும் நியாயம் உண்டு’ என்று நழுவினால் நிலைப்பாடு கலைந்துவிடும். இரண்டு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தைச் சொல்லச் சொன்னால் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நட்டம். பிரச்சினையையும் தீர்வையும் கேட்டால் இரண்டையும் எழுத வேண்டும். கேள்வியைப் படிக்கும்போது ‘சிறந்த’, ‘ஒரே’, ‘எல்லோருக்கும்’ போன்ற சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். வாதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்து, இணைப்புச் சொற்கள். பர்தர்மோர், மோரோவர், இன் அடிஷன் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றை முன்னால் கட்டச் சொல்லிக்கொடுக்கும் மையங்கள் பல உண்டு. இது உங்களுக்குச் செய்யும் தீமை எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிறது. பேண்ட் 6க்கான விவரிப்பில், இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கக்கூடும் என்றே எழுதியிருக்கிறார்கள். பேண்ட் 9இலோ இணைப்பு கண்ணில் படுவதே அரிது. மேலே சொன்ன ஸ்கூட்டர் பத்தியில் இணைப்புச் சொல் எத்தனை என்று திரும்பிப் பாருங்கள். ‘அவர்’, ‘இந்த இரண்டு சிக்கல்கள்’, ‘அதே பணத்தில்’ என்ற சுட்டுகளே வாக்கியங்களைக் கோத்துவிட்டன.

கடினச் சொற்களும் அப்படித்தான். பிளெத்தோரா, யுபிக்விட்டஸ் போன்றவற்றை எப்படியாவது நுழைக்கப் பார்த்தால், சுற்றியிருக்கும் எளிய வாக்கியத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். மனப்பாடம் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பேருந்தைப் பற்றி எழுதும்போது கட்டணம், பயணி, நேர அட்டவணை, மானியம், நெரிசல் நேரம் என்பவற்றுக்கு உரிய சரியான ஆங்கிலச் சொற்கள் கைவசம் இருந்தால் சொல்வளம் தானே தெரியும். கேள்வியில் உள்ள வாக்கியத்தை அப்படியே முன்னுரையில் எடுத்தெழுதவும் வேண்டாம். அந்தச் சொற்களைக் கணக்கில் கொள்ளமாட்டார்கள்.

இலக்கணத்தில் பேண்ட் 7 கேட்பது, பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்பது. நம்மவர்கள் இடறும் இடங்கள் சிலவே. ஏ, தி என்ற சுட்டுகளை விட்டுவிடுவது; ஒருமை எழுவாய்க்கு வினையில் எஸ் சேர்க்க மறப்பது; டிஸ்கஸ் என்ற வினைக்குப் பின் அபவுட் போடுவது; காற்புள்ளியை வைத்தே நான்கு வாக்கியங்களை ஒட்டிவிடுவது. உங்கள் பழைய பயிற்சிக் கட்டுரைகள் மூன்றை எடுத்துச் சிவப்பு மையால் குறியுங்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும். தேர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தப் பிழையை மட்டும் தேடினால் போதும். கணினியில் எழுதினால் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும். எழுத்துப்பிழை திருத்தி மட்டும் கிடையாது.

300 சொற்களைத் தாண்டத் தேவையில்லை. 270 சொற்களில் நான்கு பத்திகள் தாராளமாக அடங்கும். முன்னுரைக்கு இரண்டு வாக்கியங்கள், முடிவுரைக்கு ஒன்றோ இரண்டோ. கட்டுரைக்குப் பரிந்துரைக்கப்படும் 40 நிமிடத்தில் முதல் ஏழு நிமிடம் பேனாவை ஓடவிடாதீர்கள். நிலைப்பாட்டை ஒரு வரியிலும், இரண்டு காரணங்களையும், ஒவ்வொன்றின் கீழும் ‘ஏன்? அதனால்? யாருக்கு?’ என்பதற்கான பதில்களையும் குறித்துக்கொள்ளுங்கள். விரும்பினால் இரண்டாம் பகுதியை முதலில் எழுதலாம், தடை இல்லை. மதிப்பு அதிகம் என்பதால் நான் அப்படித்தான் சொல்வேன்.

பயிற்சிக்கும் இதுதான் முறை. இரவுப் பணி முடிந்து வந்து முழுக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் சலிப்புதான் மிஞ்சும். தினமும் ஒரு கேள்விக்கு அந்த ஏழு நிமிடத் திட்டத்தை மட்டும் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் கடிகாரம் வைத்து முழுக் கட்டுரை எழுதுங்கள். எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் ஒருவருக்குப் படித்துக்காட்டி, கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் கட்டுரை சரியான பாதையில் இருக்கிறது.

மறுமதிப்பீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் இரண்டு தேர்வுகளிலும் ஒரே 6 வந்திருப்பதால், திருத்தியவர் மீது சந்தேகப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. அந்தப் பணத்தை உங்கள் கட்டுரைகளை வரிக்கு வரி திருத்தித் தரும் ஓர் ஆசிரியருக்குக் கொடுப்பது மேல். வாதக் கட்டுரையே ஒத்துவரவில்லை என்றால் மருத்துவத் துறையினருக்கான ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வையும் என்எம்சி ஏற்கிறது. அதில் செவிலியர்கள் எழுத வேண்டியது, நோயாளியின் குறிப்புகளை வைத்து இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு ஒரு கடிதம். எழுத்தில் ‘சி பிளஸ்’ தரமும் மற்ற மூன்றில் ‘பி’ தரமும் போதும். அதன் மாதிரிக் கேள்வி ஒன்றை இந்த வாரமே எழுதிப் பார்த்துவிட்டு, எந்தத் தேர்வுக்கு அடுத்த கட்டணத்தைக் கட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.