கஜானா குமாஸ்தா என்று மச்சான் சிரிக்கட்டும்

ஐயா, போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்களும் வீட்டம்மாவும் மகளும் வந்து உட்கார்ந்திருந்த நாற்பது நிமிஷத்தில் முப்பது நிமிஷம் பேசியது உங்கள் மச்சான்தான், அதுவும் பெங்களூரிலிருந்து போனில். "பதறாதீங்க, இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லி உங்களை அனுப்பினேன். அது வெறும் ஆறுதல். என் அபிப்பிராயம் இதுதான்: மச்சான் சொல்லும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்து பி.பி.ஏ. ஃபின்டெக், அதாவது நிதித் தொழில்நுட்பத்தோடு சேர்ந்த நிர்வாகப் பட்டம், வேண்டாம்.

மூன்று வருஷத்துக்கு 12 லட்சம் என்றீர்கள். கையில் 3 இருக்கிறது, மீதி 9 கடன். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்துப் பிணை கேட்கும். உங்களிடம் இருப்பது குடியிருக்கும் வீடு ஒன்று. பத்து சதவீத வட்டி, பத்து வருஷம் என்று வைத்தாலே மாதம் சுமார் 11,900 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. மச்சான் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா, கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மகள் பேசியது நாலே வாக்கியம். அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை இரண்டு வருஷமாக அவள்தான் எழுதுகிறாளாம். பாஸ்புக்குக்கும் பேரேட்டுக்கும் 340 ரூபாய் உதைத்தது என்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொன்னபோதுதான் அவள் முகம் மலர்ந்தது. உடனே போன் அடித்துவிட்டது.

சி.ஏ., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே சொல்லும். நான் சொல்ல வந்தது அரசாங்கத்தின் பணக்கணக்கு. "கஜானா குமாஸ்தாவா?" என்று மச்சான் சிரித்தார். சரி, அந்தக் கஜானாவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பத்திரப் பதிவுக்கு நீங்கள் வங்கி மூலம் கட்டும் பணம் அந்த வங்கிக்குச் சொந்தமில்லை. அது ஏஜென்சி வங்கி, கமிஷனுக்கு வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். மாநில அரசின் கணக்கு இருப்பது ரிசர்வ் வங்கியில். வங்கி பணத்தை அங்கே சேர்க்கத் தாமதித்தால் அபராத வட்டி உண்டு. சலானில் 0030 என்ற தலைப்பு எண் இருந்தால் அது முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம். 0041 என்றால் வாகன வரி. வங்கி அனுப்பும் ஸ்க்ரோலையும் (அன்றன்று வந்த பணத்தின் பட்டியல்) சலானையும் ரிசர்வ் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு, உதைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். உங்கள் மகள் ராத்திரி ஒரு மணிக்குச் செய்தது இதே வேலைதான், தொகைதான் சிறிசு.

கையில் உபரி இருந்தால் மாநிலத்தின் பணம் தானாகவே 14 நாள் கருவூல உண்டியலில், அதாவது மத்திய அரசின் குறுகிய காலக் கடன் பத்திரத்தில், முதலீடாகிவிடும். பற்றாக்குறை என்றால் ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கைமாற்று தரும். அதன் வரம்பும் தாண்டினால் ஓவர்டிராஃப்ட். அதில் தொடர்ந்து 14 வேலை நாளுக்கு மேல் இருந்தால் மாநில அரசின் பட்டுவாடாவையே ரிசர்வ் வங்கி நிறுத்திவிடலாம். ஃபின்டெக் வகுப்பில் இதைச் சொல்லித் தருவார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

வழி இதுதான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம்.; வருஷத்துக்குச் சில ஆயிரங்களில் முடியும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பதினெட்டு முடிந்ததும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதலாம், பத்தாம் வகுப்புத் தகுதி போதும். நல்ல ரேங்க் வந்தால், காலியிடம் இருக்கும்பட்சத்தில், கலந்தாய்வில் கருவூலக் கணக்குத் துறையையே கேட்டு வாங்கலாம். இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500. குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே போனபின் துறைத்தேர்வுகள் எழுதி மேலே வரவேண்டும்.

பட்டம் முடிந்ததும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல்., அதாவது மத்திய அரசு வேலைகளுக்கான பட்டதாரித் தேர்வு. அதில் அக்கவுண்டன்ட், ஆடிட்டர் பதவிகளுக்கு 29,200-லும், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்காயரின் கீழ் உதவித் தணிக்கை அலுவலருக்கு 47,600-லும் ஆரம்பம். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆனால் வினாத்தாள் தமிழில் வராது, ஆங்கிலமும் இந்தியும்தான். முதல் வருஷத்திலிருந்தே தினம் அரை மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகை படிக்கட்டும். வெளிமாநிலத்தில் போஸ்டிங் விழலாம் என்பதையும் வீட்டம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். போட்டி கடுமை. முதல் தடவையே கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கிடைக்காத வருஷத்திலும் வீடு அடமானத்தில் இருக்காது.

வரும் சனிக்கிழமை வாருங்கள். மகள் முதலில் தனியாகப் பேசட்டும், போனை அணைத்துவிடுங்கள். குழுவின் பேரேட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அந்த 340 ரூபாய் எங்கே போயிருந்தது என்று அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.