சாவி யார் கையில்? பேரிடர்த் திட்டம் பற்றிக் கேள்வி பதில்

வருவாய்த் துறையில் இருந்தபோது பல வருஷம் பேரிடர்த் திட்டம் எழுதும் வேலை பார்த்தவன் நான். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில்.

காரைக்குடி: மாவட்டத்துக்குப் பேரிடர்த் திட்டம் என்று ஒன்று நிஜமாகவே உண்டா ஐயா?

உண்டு தம்பி. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் திட்டம் இருக்க வேண்டும், வருஷா வருஷம் திருத்தவும் வேண்டும். ஆட்சியர் தலைமையிலான ஆணையத்தின் பொறுப்பு அது.

ஆனால் எழுதிவைத்தால் மட்டும் போதாது. 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த இரவு, மழையில் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கேட்டில் பூட்டு. சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தார். திட்டத்தில் அறைகள் எத்தனை, கழிப்பறை எத்தனை, எல்லாம் இருந்தது. சாவி யாரிடம் என்பது இல்லை. ஒரு பையன் சுவரேறிக் குதித்துக் கல்லால் பூட்டை உடைப்பதற்குள் பிள்ளைகள் நனைந்து நடுங்கின. அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் புரட்டினாலும் நான் முதலில் தேடுவது சாவிக்காரர் பெயரையும், அவர் இல்லையென்றால் அடுத்தவர் பெயரையும்தான்.

புதுவயல்: 1077 எதற்கு?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் அவசரத் தொலைபேசி எண். மாநிலத்துக்கு 1070.

கண்டனூர்: அமெரிக்கா மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே துறை வைத்தால் என்ன?

2001 பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு அங்கே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உண்டாக்கி, பேரிடர் முகமையையும் அதற்குள் கொண்டுபோனார்கள். 2005இல் கத்ரினா புயல் வந்தபோது, பயங்கரவாதத்தையே நினைத்துப் புயலைக் கோட்டை விட்டார்கள் என்று அவர்களே குறை சொன்னார்கள். இங்கே காவல் மாநிலத்தின் கையில், தேசியப் பேரிடர் ஆணையத்துக்குத் தலைவர் பிரதமர், மீட்புப் படைக்கு அரக்கோணத்தில் பட்டாலியன். அது வந்து சேரும்வரை ஊர்தான் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளத்தூர்: பர்மா தேக்குத் தூண் போட்ட எங்கள் வீடு நூறு வருஷமாக நிற்கிறது. இதையே முகாமாக்கக் கூடாதா?

இதற்குக் கோத்தமங்கலத்து ஆச்சி ஒருவர் உடனே மறுத்து எழுதினார்: "பூட்டிக்கிடக்கிற வீட்டுக்குள்ளே ஜனத்தை விட்டால் யார் பொறுப்பு?" பிறகு ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சுவர் கனம், வளவு என்கிற உள்முற்றப் பகுதி விசாலம்; ஐம்பது பேர் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் காற்று முதலில் தூக்குவது கூரை ஓடுகளை. வளவுத் தண்ணீர் வெளியேறும் வழி சருகால் அடைத்தால் ஒரு மணி மழையில் முற்றம் குளமாகிவிடும். நம் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகின்றன. தீப்பிடித்தால் உயிர் காப்பது அந்தப் பின்வாசல். போன வருஷம் ஒரு வீட்டில் அதைத் திறக்கச் சொன்னேன். தாழ்ப்பாள் துருவேறி இறுகிப்போய், தேங்காயெண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டியும் அரை மணி நேரம் ஆனது. புகைக்குள் அரை மணி யாருக்குக் கிடைக்கும்?

ஆச்சி கேட்ட பொறுப்புக்கு வழி இருக்கிறது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீட்டுக்காரர் சம்மதத்தை இப்போதே எழுத்தில் கொடுக்கட்டும். ஒரு சாவி காவல்காரரிடம், இன்னொன்று கிராம நிர்வாக அலுவலரிடம்.

தேவகோட்டை: புயல் வந்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது?

மேலே சொல்லிவிட்டேன். 1077.

கானாடுகாத்தான்: வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேருமா?

என் துறை இல்லை. முகவரிடம் கேளுங்கள்.

ஆத்தங்குடி: ஊருணி நிறைந்தால் ஆபத்தா?

நிறைவது நல்லது. உபரி நீர் போகும் வழியில் வீடு கட்டியிருந்தால்தான் ஆபத்து. ஐப்பசிக்கு முன்னால் அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

மறுபடி காரைக்குடி: அவசர எண்...?

1077. மூன்று பேர் கேட்டாயிற்று, பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள். மின்சாரம் போனால் செல்போனும் அணையும். அதனால் சமையல்கட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். பக்கத்திலேயே பின்வாசல் சாவி தொங்கட்டும்.