ஏன் கலங்குகிறாய்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டவள் நான். அதன்பிறகு ஞாயிறு ஆராதனை, பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, உபவாச ஜெபம் எதையும் நான் விடவில்லை. ஆனால் மனதில் சமாதானம் இல்லை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு தூக்கம் இல்லை. சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் “முழங்காலில் நின்றேன், பாரம் இறங்கிவிட்டது” என்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. சபையில் ஒரு சகோதரியிடம் மனம்விட்டுச் சொன்னபோது, “விசுவாசம் குறைவு, பிலிப்பியர் 4:6,7 வாசி” என்றார். வாசித்தேன். ‘ஒன்றுக்கும் கவலைப்படாமல்’ என்ற சொல்லே என்னைக் குற்றப்படுத்துகிறது. நான் உண்மையிலேயே விசுவாசத்தில் இல்லையா? பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் கடைசி நாட்களைச் சுமந்த கை உங்களுடையது. அந்தக் கை இன்னும் சுமையை இறக்கிவைக்கவில்லை என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது. இதில் விசுவாசக் குறைவு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. தேவன்மேல் நம்பிக்கை இல்லாதவர் நடுராத்திரியில் அவரிடம் ஏன் வழக்காட வேண்டும்?

பிலிப்பியர் நிருபத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வசனம் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டு அதிகாரம் பின்னால் போய் 2:27ஐ வாசியுங்கள். பவுலின் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகும் நிலைக்குப் போய் மீண்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது பவுல், ‘துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு’ தேவன் தனக்கும் இரங்கினார் என்கிறார். அடுத்த வசனத்தில், அவரைச் சீக்கிரம் அனுப்பினால் தன் துக்கம் குறையும் என்கிறார். அப்படியென்றால் எழுதுகிற அந்த நேரத்திலும் துக்கம் இருக்கிறது, முழுதாகப் போய்விடவில்லை. காவலில், கட்டுகளோடு உட்கார்ந்து எழுதுகிறவர் அவர். ‘ஒன்றுக்கும் கவலைப்படாமல்’ என்று எழுதியதும் இதே கைதான். எனவே அது துக்கப்படுகிறவர்களை அதட்டுகிற வாக்கியமாக இருக்கவே முடியாது. ‘தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் காத்துக்கொள்ளும்’ என்ற இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், படைவீரர்கள் நகரத்துக்குக் காவல் நிற்பதைக் குறிப்பது. காவல் போடப்படுவது ஆபத்து இருக்கும் இடத்தில்தான். உள்ளே அழுகைச் சத்தம் கேட்பதால் வாசலில் காவல் இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்று சொல்கிறேன். எனக்கே இது பல வருடம் கண்ணில் படாமல் இருந்தது. யோவான் சுவிசேஷத்தில் ‘கலங்குதல்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். 12:27ல் இயேசு, ‘இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது’ என்கிறார். 13:21ல் யூதாஸைப் பற்றிப் பேசும்போது ஆவியிலே கலங்குகிறார். அதே இரவில், அதே பந்தியில், 14:1ல் சீஷர்களைப் பார்த்து, ‘உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக’ என்கிறார். கிரேக்கத்திலும் மூன்றும் ஒரே சொல். கலங்காதிருங்கள் என்று சொன்னவர், கலக்கம் என்றால் என்ன என்று அறியாதவர் அல்ல. நீங்கள் மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கும் அந்த இருட்டுக்குள் அவர் ஏற்கெனவே நுழைந்து வந்திருக்கிறார். ‘என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்’ என்று அவர் சொன்னதும் அந்த இரவில்தான், விடிந்தால் சிலுவை. உயிர்த்தெழுந்தபின் பூட்டிய கதவுக்குள் வந்து, ‘உங்களுக்குச் சமாதானம்’ என்று சொன்னவுடன் அவர் காட்டியது தம்முடைய கைகளையும் விலாவையும். காயங்களோடுதான் அந்தச் சமாதானம் அறைக்குள் வந்தது.

‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று மத்தேயு 11:28ல் அழைக்கிறாரே, அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். சிறையில் இருக்கும் யோவான்ஸ்நானகன் ஆள் அனுப்பி, ‘வருகிறவர் நீர்தானா?’ என்று கேட்கிறார். யோர்தானில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே கேட்கிறார்! இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவர் எழும்பியதில்லை என்று அந்த அதிகாரத்திலேயே சொல்கிறார்.

அந்த 11:28ஆம் வசனத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் வைத்த சொல் ‘இளைப்பாறுதல்’. எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. இளைப்பு ஆறுவது. புண் ஆறும், சூடு ஆறும். ஆறுகிற எதுவும் ஒரு நொடியில் ஆறுவதில்லை, அதற்கு அதன் காலம் வேண்டும். முழங்காலில் நின்றவுடன் பாரம் இறங்கிய சாட்சிகளை நான் சந்தேகிக்கவில்லை, அப்படியும் நடக்கிறது. ஆனால் மெதுவாக ஆறியவர்கள் பெரும்பாலும் ஒலிபெருக்கி முன்னால் வருவதில்லை. அதனால் அவர்கள் இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

நானும் அப்படி ஆறியவன்தான். அப்பா இறந்தபின் பல மாதங்கள் என்னால் ஒரு ஜெபத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அப்போது சங்கீதம் 88ஐத் தினமும் வாசித்தேன். அதில் விடியல் வராது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். இப்படி ஒருவர் புலம்பியதை வேதத்துக்குள் சேர்த்துக் காத்து வைத்திருக்கிறாரே கர்த்தர் என்ற எண்ணம் என்னைப் பிடித்து நிறுத்தியது. சமாதானம் என்று சொல்லத்தக்க எதுவும் அப்போது எனக்குள் இல்லை. ஆனாலும் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, ‘போதும் கர்த்தாவே’ என்று சாவைக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பினான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் அதட்டல் இல்லை. இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனபின்பு வந்தது. உங்கள் தூக்கமின்மையை ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து தந்தால் சாப்பிடுங்கள். அந்த அடையைப் போல அதையும் ஸ்தோத்திரத்தோடு வாங்கிக்கொள்ளலாம்.

பாடகர் குழுவையும் ஓய்வுநாள் பள்ளியையும் சில மாதம் வேறொருவர் பார்க்கட்டும். போதகரிடம் நேரே சொல்லுங்கள். ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட்டு வாயில் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும், நீங்கள் கேளுங்கள். ‘விசுவாசம் குறைவு’ என்று சொன்ன சகோதரியை மன்னித்துவிடுங்கள். ஆனால் இந்த விஷயத்தை அவரிடம் இனி கொண்டுபோக வேண்டாம். கேட்டுவிட்டு உங்களோடு சும்மா உட்கார்ந்திருக்கக்கூடிய ஒருவர் சபையில் நிச்சயம் இருப்பார்.

இன்றிரவு விழிப்பு வந்தால் பெரிய ஜெபம் எதுவும் வேண்டாம். ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?’ என்ற வரி மட்டும் போதும். 42, 43ஆம் சங்கீதங்களில் அது மூன்று முறை வருகிறது. ஒரு தரம் கேட்டு அதைப் பாடியவருக்கும் ஆறவில்லை. பிறகு அம்மாவைப் பற்றிக் கர்த்தரிடம் பேசுங்கள். அவர் சமைத்தது, கோபித்தது, கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்த நிலைமையே இருந்தாலும் எழுதுங்கள். அதுவரை உங்கள் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பேன்.