செருப்புல சுவிட்ச் இல்லாம பாதம் தூக்குமா?

கேள்வி: அண்ணே, ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அப்பாவுக்கு இடது பாதம் தொங்குது, கரண்ட் குடுத்து தூக்குற மெஷின் கட்டியிருக்கோம், ஆனா குதிகால் எப்போ தரையில படுது, எப்போ தூக்குதுன்னு மெஷினுக்கு சொல்ல குதிகாலுக்கு அடியில வைக்கிற சுவிட்ச் ஒயர் அடிக்கடி அறுந்துடுது. வேற வழி இருக்கா?
– ஒரு மகள், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இருக்கும்மா. குதிகால் தரையில படுறத தோல் நரம்பே சொல்லிக்கிட்டுதான் இருக்கு, அதை ஒட்டுக்கேட்டா சுவிட்சே வேணாம். டென்மார்க்ல ஹௌக்லண்ட், சிங்க்யேர்னு ரெண்டு பேர் 1995-லயே கெண்டைக்கால் பின்னால ஓடுற சூரல் நரம்பச் சுத்தி கஃப் எலக்ட்ரோட், அதாவது நரம்போட சிக்னல பிடிக்கிற ஒரு வளையம், மாட்டி, அந்த சிக்னல வச்சே பாதத்த தூக்க வச்சிட்டாங்க. ஆனா நரம்பு பேசுறது மைக்ரோவோல்ட்ல, பக்கத்து தசை மில்லிவோல்ட்ல கத்துது, காவடி மேளத்துக்கு நடுவுல ரகசியம் கேக்குற மாதிரிதான், பில்டர் போட்டு பிரிக்கணும், ஆபரேஷனும் வேணும். அப்பாவுக்கு அதெல்லாம் எதுக்கு? காலோட சாய்வ பாத்து வேலை செய்யுற சென்சார் மாடல் இருக்கு, வாக்எய்டு மாதிரி, பிசியோகிட்ட கேட்டுப் பாருங்க.